இடக்கை வளையங்கள்

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர் அவர். மனைவி மறைந்தபின் மறதி மிகுந்தது. அதற்கு அவரே கண்ட மருந்து ரப்பர் வளையம். காலையில் கடமைக்கு ஒன்றாக இடக்கை மணிக்கட்டில் மாட்டுவார். பணி முடிய முடிய வலக்கைக்கு மாற்றுவார். பச்சை கடை வேலைக்கு, மஞ்சள் வீட்டுக்கு, சிவப்பு அப்பாவைப் பார்ப்பதற்கு. இடக்கை வெறுமையானால் அன்றைய பொழுது தீர்ந்தது. அதில் மகிழ்வும் இல்லை, துயரும் இல்லை.

“என்ன வளையல்காரரே, மூச்சு விடுறதுக்கும் ஒண்ணு மாட்டிக்கோங்க. மறந்துடப் போறீங்க” என்பார் கடைக் காசாளர்.

அவர் சிரித்ததில்லை. மூச்சுக்கு எந்த நிறம் என்று ஒருகணம் எண்ணிப் பார்த்ததுண்டு.

அப்பா தங்கை வீட்டில் படுக்கையாய்க் கிடந்தார். பேச்சு அற்றுவிட்டது, ஆனால் தனியே விட்டால் கட்டிலிலிருந்து இறங்கி விழுவார். பகலில் தங்கை வேலைக்குப் போய்விட, அவள் கணவர் காவல். அவர் இரவு வேலைக்குப் போனபின் அவள் காவல். மாலைதோறும் இவர் வருவார். “வந்துட்டேன்ப்பா” என்பார். நின்றபடியே வளையத்தை மாற்றுவார். கிளம்புவார்.

அன்று தங்கை வாசலை மறித்தாள்.

“வந்தாச்சு, மாத்தியாச்சு, கிளம்பியாச்சு! ஜன்னல்ல வந்து உட்கார்ற காக்காகூட உன்னைவிட அதிக நேரம் இருக்குண்ணா.”

“தினமும் வர்றேனே.”

“யாரு இல்லைன்னா? ஒரு மணி நேரம் பக்கத்துல உட்காரு. நான் கண்ணை மூடி நாலு நாளாச்சு.”

“பச்சை இன்னும் பாக்கி இருக்கு” என்று சொல்லியவாறே அப்பாவிடம் போய், சிவப்பு வளையத்தைக் கழற்ற முனைந்தார்.

அப்பாவின் சுட்டுவிரல் அவ்வளையத்துக்குள் நுழைந்து கொக்கிபோல் வளைந்தது. கண்கள் கூரையிலேயே இருந்தன.

“விடுங்கப்பா.”

விரல் அசையவில்லை. சருகின் வலிமைதான், சற்றே இழுத்தால் விட்டுவிடும். அவர் இழுக்கவில்லை. ஏன் என்றும் தெரியவில்லை. காலால் நாற்காலியை அருகிழுத்து அமர்ந்தார்.

“நீ போய்ப் படு.”

அவள் அடுத்த அறைக்குப் போனாள். சிறிது நேரத்தில் சுவருக்கு அப்பால் அவளது குறட்டை எழுந்தது.

வளையம் தசையை அழுத்தியது, கை மரத்தது. ஏதேனும் பொங்கி வருமோ என்று காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. விரல் மட்டும் வெதுவெதுப்பாய் இருந்தது. இடக்கையில் சிவப்பும் பச்சையும் அப்படியே இருக்க, அவர் எழாமல் இருந்தார்.