அம்மா தொண்டையைக் காத்த வருஷம்

நான் ஐந்தாவது படித்த வருஷம் அம்மாவின் தொண்டை பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமாகிவிட்டது. வீட்டில் எனக்கும் அப்பாவுக்கும் மிஞ்சியது அவளுடைய கை ஜாடைகள்தான்.

அம்மா அங்கே நூலகத்தில் வேலை பார்த்தாள். புத்தகத்தைத் தேதி குத்திக் கொடுத்துத் திரும்ப வாங்கி வைக்கிற கவுன்டர் வேலை. அந்த வருஷம் நூலகத்தைப் புதுப்பித்தார்கள். படிக்கிற கூடத்துக்கு ஏசி வந்தது. வேண்டிய புத்தகத்தை எடுத்து வைக்கும்படி செல்போனிலேயே சொல்லிவிடலாம் என்றார்கள். மாணவர்கள் புத்தகத்தை மேலே வைத்தால் தானே பதிந்துகொள்கிற மெஷின் ஒன்று, அம்மா உட்கார்ந்திருந்த அதே இடத்தில் வந்து நின்றுகொண்டது. அம்மாவின் வேலைக்கு ஆபத்து என்று அப்பா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் கூடவே இன்னொன்றும் வந்திருந்தது. பார்வையில்லாத மாணவர்கள் கேட்டுப் படிப்பதற்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்கிற சின்ன அறை. எல்லோரையும் வாசிக்க வைத்துப் பார்த்துவிட்டு அம்மாவைப் பிடித்துக்கொண்டார்கள்.

அம்மா இதே மராத்தி ஊரில், கட்கியில் பிறந்து மராத்திப் பள்ளியில் படித்தவள். ஆனாலும் அவளுடைய தமிழ் மட்டும் தாமிரபரணித் தண்ணீர் குடித்தவள் மாதிரி இருக்கும். மராத்திக்காரர்களுக்கே மராத்தி வாசித்துக்காட்ட ஒரு திருநெல்வேலிக்காரி வேண்டியிருக்கிறது என்று அப்பா நாங்கள் குடியிருந்த விஷ்ராந்த்வாடி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அவருடைய பெருமை ரொம்ப நாள் நிற்கவில்லை. நாள் பூராவும் வாசித்துவிட்டு வருகிறவள் வீட்டில் வாய் திறக்க மாட்டாள். தொண்டை கட்டிவிடும் என்று தயிரை விட்டாள். மிளகு தட்டிப்போட்ட வெந்நீரை வாயில் வைத்துக்கொண்டு, கேஸை அணை, துணியை எடு, பால்காரனுக்குப் பதில் சொல் என்று எல்லாவற்றையும் கையாலேயே சொன்னாள். காய்கறிக்காரியிடம் பேரம் பேசும் வேலை அப்பாவுக்கு வந்தது. அவர் காய்கறிக்காரி சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டு வந்து, கூடவே அழுகின தக்காளிக்கு அம்மாவின் முறைப்பையும் வாங்கிக்கொண்டார்.

எனக்குப் போனது அதைவிடப் பெரிது. காலையில் தலை பின்னும்போது அம்மா எனக்கு ஒரு கதை சொல்லிக்கொண்டு வந்தாள். ஊரில் எல்லோர் வீட்டிலும் ஒற்றைச் செருப்பை மட்டும் திருடுகிற ஒரு திருடனின் கதை. அன்றன்றைக்கு அவளே இட்டுக்கட்டுவது. திருடன் ஆளந்தி கோயிலுக்குப் போகிற பஸ்ஸின் கூரைமேல் ஏறி இறங்கத் தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தபோது அம்மாவுக்குப் புது வேலை வந்துவிட்டது. அதோடு கதை நின்றது. மழைக்காலம் முழுக்க அவன் அங்கேயே நனைந்துகொண்டிருந்தான். நான் சொல்லச் சொல்லிக் கேட்டால் அம்மா தொண்டையைத் தொட்டுக்காட்டிவிட்டு இன்னும் இழுத்துப் பின்னுவாள்.

வயிறெரிந்தது எனக்கு. யாரென்றே தெரியாத யார் யாருக்கோ மணிக்கணக்காகப் பேசுகிறாள், பெற்ற பிள்ளைக்கு ஒரு வார்த்தை கிடையாது. எனக்கென்று மிச்சமிருந்தது ஒரே ஒரு போன்தான். பள்ளியிலிருந்து நான்தான் முதலில் வீட்டுக்கு வருவேன். வந்ததும் பழைய செல்போனில் அம்மாவைக் கூப்பிட வேண்டும், அது வீட்டுச் சட்டம். எந்தப் புத்தகத்தின் நடுவில் இருந்தாலும் அம்மா அதை மட்டும் எடுத்துவிடுவாள். தினமும் அதே நாலு வார்த்தை பேசி வைத்துவிடுவாள்.

தீபாவளி விடுமுறையில் ஒருநாள் என்னையும் நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அந்த மெஷினைப் பார்த்தேன், ஏசியில் கொஞ்சம் நடுங்கினேன். பிறகு அம்மாவின் அறைக்குப் பக்கத்தில், ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்கிற அறைக்குப் போனோம். அங்கே பார்வையில்லாத மாணவர் ஒரே ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். இப்போது மரியாதையாக எழுதுகிறேன். அன்றைக்கு மனசுக்குள் அவன், இவன்தான். லாத்தூர் பக்கம் ஏதோ கிராமம். விடுமுறைக்கு ஹாஸ்டலே காலியாகிவிட்டது, இவர் மட்டும் ஊருக்குப் போகவில்லை, போனால் அங்கே அவருக்கென்று யாரும் இல்லை என்று அம்மா என்னிடம் தமிழில் சொன்னாள். தாதா என்று கூப்பிடு, அண்ணன் மாதிரி என்றாள். அதைச் சொல்லத் தொண்டை இருந்தது அவளுக்கு! பையிலிருந்து ஆரஞ்சை எடுத்து உரித்து, முதல் சுளைகளை அவர் கையில் வைத்தாள். அதற்குப் பிறகுதான் எனக்கு. நான் வேண்டாம் என்றேன். அம்மா அதைக் கவனிக்கக்கூட இல்லை. யாரோ கூப்பிட்டார்கள் என்று எழுந்து போய்விட்டாள்.

இந்தத் தாதாவைத் தெரிந்துகொள்ளும் ஆசை எனக்குத் துளியும் இல்லை. அவர்தான் பேச்சை ஆரம்பித்தார். நீதான் அந்த மகளா என்று மராத்தியில் கேட்டுவிட்டு, ஹெட்போனைக் கழற்றி நீட்டினார். இதைக் கேள் என்றார்.

அம்மா பொருளாதாரம் வாசித்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அந்தக் குரல்! ஒவ்வொரு வார்த்தையையும் பதமாகத் தொட்டு வைத்தாள். வீட்டில் அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்போது ஹெட்போனுக்குள் ஒரு போன் அடித்தது. நாற்காலி கிறீச்சிட்டது.

"ஏட்டி, வந்துட்டியா? கதவப் பூட்டிட்டு ஒருக்க இழுத்துப் பாரு. சோத்த மூடி வச்சிருக்கேன், தின்னு. அம்மா இப்ப வந்துருதேன்."

அதன்பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி பொருளாதாரம் தொடர்ந்தது.

பதிவை நிறுத்த மறந்திருக்கிறாள். இது பாடத்தில் இல்லை, எங்கள் வீட்டுப் பேச்சு, இதை வெட்டிவிடச் சொல்லுங்கள் என்றேன் கோபமாக. அம்மாவும் வெட்டத்தான் வந்தாளாம். இவர்தான் இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டாராம். சொல்லிவிட்டு அந்த நாலு வாக்கியத்தையும் ஒப்பிக்க ஆரம்பித்தார். ஒரு வார்த்தை தமிழ் தெரியாத லாத்தூர்க்காரர், 'ஏட்டி'யில் தொடங்கி 'வந்துருதே'னில் அம்மா கொடுக்கிற இழுப்பு வரைக்கும் அப்படியே சொன்னார். என்னைவிட நன்றாகச் சொன்னார். எனக்கென்று இருந்த அந்த நாலு வார்த்தையையும் எடுத்துக்கொண்டாயிற்றா என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது.

இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். அர்த்தமாவது என்னிடம் இருக்கிறதே என்று எனக்கு ஒரே சந்தோஷம். வேண்டுமென்றே நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொன்றாக மராத்தியில் சொன்னேன். கதவு, சோறு, இதோ வந்துவிடுகிறேன்.

"தினமும் கேட்பாங்களா?" என்றார்.

"தினமும். ஒரே போர்."

"சொன்ன மாதிரி வந்துடுவாங்களா?"

"பின்னே? வராம எங்க போவாங்க?" என்றேன்.

அவர் கையிலிருந்த மீதிச் சுளைகளை என் பக்கம் நகர்த்திவிட்டு, ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டார். பட்டனைத் தடவி எதையோ பின்னால் ஓட்டினார். வாயடைத்துவிட்டேன் பார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆரஞ்சை முழுக்கத் தின்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா தாதாவோடு என்ன பேசினாய் என்று ஜாடையில் கேட்டாள். அவருக்குத் தமிழே தெரியாது என்று சொன்னேன். அம்மா என்ன நினைத்தாளோ, என் தலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கரகரத்த குரலில் திருடனைப் பஸ் கூரையிலிருந்து இறக்க ஆரம்பித்தாள். எனக்கே எனக்கான அந்தக் குரலைக் கேட்டபடி நான் கண்ணை மூடிக்கொண்டேன், அன்றைக்கு அந்த அறையில் பொறாமைப்பட்டவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டு.