சாரத்துக்குக் கீழே கொட்டிய மாவு

இந்த வாரம் மூங்கிலைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். வேறு எதிலும் மனசு ஒட்டவில்லை.

எங்கள் பின் வீடு டேவிட் சாருடையது. ராயபுரத்தில் மூன்று மாடி. துறைமுகத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். மகள் கல்யாணத்துக்காக வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஆரம்பித்தார். வெளிச்சுவருக்குப் பட்டி பார்த்துத் தேய்த்து முடித்தபோது மழை பிடித்துக்கொண்டது. வேலை நின்றது. மூங்கில் சாரம் மட்டும் சுவரோடு அப்படியே நின்றது.

மழை ஓய்ந்த காலைகளில் சாரத்துக்குக் கீழே வெளுப்பாக மாவு கொட்டிக் கிடக்கும். பட்டி தேய்த்த வீட்டில் தூள் கொட்டாதா என்ன? அவரும் பெருக்கித் தள்ளினார். ஆனால், வேலையே நின்ற பிறகு தூள் எங்கிருந்து வருகிறது? அது யாருக்கும் தோன்றவில்லை.

போன வாரம் வெயில் வந்தது. பெயிண்டர் ஸ்டீபன் பிரஷ்ஷும் வாளியுமாக மூன்றாவது மாடிக்கு ஏறி, குறுக்கு மூங்கிலில் உட்கார்ந்தார். நான் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மூங்கில் முறிந்த சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கவில்லை. அவர் விழுந்த சத்தம்தான் கேட்டது. இன்னமும் கேட்கிறது.

முறிந்த மூங்கிலைப் பார்த்தேன். வெளியே பளபளவென்று இருக்கிறது. உள்ளே முழுக்க மாவு. வண்டு தின்று உளுத்துப்போயிருந்தது.

வீட்டுக்கு வந்து இதைப் பற்றித் தேடிப் படித்தேன். மூங்கில் குருத்து மண்ணிலிருந்து கிளம்பும்போது அதற்கு ஓர் இலைகூடக் கிடையாது. சொந்தமாகச் சமைத்துச் சாப்பிட வழியில்லை. ஆனாலும், சில வாரங்களில் முழு உயரம் வளர்ந்துவிடுகிறது. எப்படி? பக்கத்தில் நிற்கும் பழைய மூங்கில்களும் அடிக்கிழங்கும் சர்க்கரையாகவும் மாவாகவும் சேர்த்துவைத்ததை எல்லாம் அதற்குக் கொடுக்கின்றன. குருத்து கிளம்புவதற்கு முன்னால், கோடையில், அந்த இருப்பு நிறைந்திருக்கும். அப்போது போய் வெட்டினால்… பிள்ளைக்கு வைத்திருந்த சாப்பாடு வெட்டிய கழியிலேயே தங்கிவிடுகிறது. வண்டு தேடி வருவது அதைத்தான்.

சாரம் கட்டிய அந்தோணிக்கு இது தெரியாதா? தெரியும். அவன் ஊரான எண்ணூர் பக்கம் பச்சை மூங்கிலை அப்படியே யாரும் கட்ட மாட்டார்கள். கழிமுகத் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறப்போடுவார்கள். இனிப்பெல்லாம் தண்ணீரில் இறங்கிவிடும். அப்புறம் வண்டு சீந்தாது.

அந்தோணியும் ஊறப்போட்டுத்தான் கொண்டுவந்தான். ஆனால், இப்போது அந்தத் தண்ணீரில் ஓடுவது என்ன? அனல்மின் நிலையச் சாம்பலும் ஆலைகளின் எண்ணெயும். மூங்கில்கள் கறுப்பாக, பிசுக்கென்று, நாற்றத்தோடு வந்து இறங்கின. டேவிட் சார் மூக்கைப் பொத்திக்கொண்டார். கல்யாண வீட்டுச் சுவரில் இந்தக் கலீஜைச் சாய்க்காதே என்றார். இதே பேச்சை இவன் ஏற்கெனவே நாலு வீட்டில் கேட்டிருக்கிறான். மறுபேச்சில்லாமல் திருப்பி ஏற்றிக்கொண்டு போய், மண்டியிலிருந்து ஊறாத மூங்கிலை எடுத்துவந்து கட்டினான். சுத்தமாக, மஞ்சளாக, அழகாக இருந்தது. எல்லோருக்கும் திருப்தி.

ஸ்டீபனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இனி நடப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

எனக்கு யார் மேல் கோபப்படுவதென்று தெரியவில்லை. டேவிட் சார் ஆஸ்பத்திரிக்கு வந்து அழுதார். மகள் கல்யாணத்தைத் தள்ளிவைத்துவிட்டார். வண்டுக்கு அது சாப்பாடு. ஆனால், அந்தத் தண்ணீரைக் கறுப்பாக்கியவர்கள் ஒருவரும் ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை. அவர்களுக்கு இப்படி ஒரு மனிதர் விழுந்ததே தெரியாது. பாவம் என்று யாரைச் சொல்வது, பாவி என்று யாரைச் சொல்வது?

அந்தோணி ஸ்டீபனுக்கு மச்சான். ஸ்டீபன் மனைவி மேரியின் கூடப்பிறந்த தம்பி. விழுந்த அன்றிலிருந்து ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடக்கிறான். வார்டுக்குள் மட்டும் போவதில்லை. அக்கா முகத்தில் எப்படி முழிப்பேன் என்று என்னிடம் கேட்டான்.

நேற்று நான் இருக்கும்போது மேரி வாசல் வரைக்கும் வந்தார். தம்பியை ஒரு நிமிஷம் பார்த்தார். திட்டப்போகிறார் என்றே நினைத்தேன்.

“இன்னாடா இங்கயே நின்னுகினு கீற? உள்ள வா. மாமாவத் திருப்பிப் படுக்க வைக்கணும். என்னால ஒண்டியா முடில.”

மன்னிப்பு கேட்கக் காத்திருந்தவனுக்கு வேலைதான் கிடைத்தது… அவன் உள்ளே ஓடினான்.