அரைக்கிலோ ஷீட்டுக்குப் பத்துக் கிலோ பில்

அந்தத் தேர்தலில் எங்கள் பக்கம் கவர் வரவில்லை. எந்த வீட்டில் எத்தனை ஓட்டு என்று எண்ணி, பணம் வைத்த கவரை வாசலில் கொடுத்துவிட்டுப் போவார்களே, அது. பறக்கும் படை ஜீப் குலசேகரம் சந்திப்பில் நின்று தூங்கி வழிந்தது. எனக்கு அந்த அமைதியே பிடிக்கவில்லை. பணம் வராத தேர்தலை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை.

நாங்கள் ஐந்து பேர். வேட்பாளர்கள் காட்டும் செலவையும் ஊரில் உண்மையில் நடக்கும் செலவையும் ஒப்பிட்டு, தேர்தல் அதிகாரிக்கு எழுதுகிற சின்ன அமைப்பு. சம்பளம் கிடையாது, ஏச்சு தாராளமாக உண்டு. தலைவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. ஆதாரத் தாள் இல்லாமல் புகார் இல்லை என்பது அவர் போட்ட சட்டம். நான் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதால் தட்டச்சு வேலை என் தலையில்.

ஓட்டுப் போட நான்கு நாள் இருந்தது. என் கடைக்கு எதிரே, உலர்த்திய ரப்பர் ஷீட்டை எடை போட்டு வாங்கும் கடை ஒன்று. அதன் முன்னால் நீள வரிசை. ஒவ்வொருவர் கையிலும் ஒரே ஒரு ஷீட். முற்றத்தில் முருங்கையைத் தவிர வேறு மரம் இல்லாதவர்கள்கூட ஷீட்டோடு நின்றார்கள். உற்றுப் பார்த்தேன். மூலை கிழிந்த ஒரு ஷீட் முன்வாசல் வழியாக உள்ளே போனது, பக்கவாசல் வழியாக வெளியே வந்தது, வரிசையின் கடைசியில் நின்றவர் கைக்குப் போனது. அட பாவிகளா! ஒரு மணி நேரத்துக்குள் அந்தக் கிழிந்த மூலையை ஏழு தடவை பார்த்துவிட்டேன். ஒரு ஷீட் அரைக்கிலோ தேறும். பில்லில் பத்துக் கிலோ எழுதி, பத்துக் கிலோவுக்கும் காசு கொடுக்கிறார்கள் என்று ஜெராக்ஸ் எடுக்க வந்த பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். கேட்டால் சரக்கு வாங்கிய காசு என்பார்கள்.

எனக்கு ஒரு பில் போதும். இரண்டு நாள் வீடு வீடாகக் கேட்டேன். "அடுப்புல போட்டாச்சு" என்றார்கள். "எங்க வயித்துல அடிக்கவா வந்தே?" என்று ஒருத்தி கதவைச் சாத்தினாள். கடைசியாகப் பக்கத்து வீட்டு அக்காவிடம் போனேன். முந்திரி ஆலையில் கொட்டை ஓடு உடைக்கிறவள், விரலெல்லாம் கறுத்துப் போனவள்.

"பில்லு இருக்குட்டி. தாறேன். ஆனா ஒரு காரியம்" என்றாள். "வரிசையில எனக்கு முன்ன உன் மாப்பிள நின்னாரு. அவரு பில்ல மொதல்ல வை, அதுக்கு அடியில என் பில்ல வச்சுக்க. வாங்குனவங்க மேலயும் கேஸ் வரும்லா? நான் மட்டும் எதுக்கு கோர்ட்டுப் படி கேறணும்?"

என் முகம் எரிந்தது. "செரி, அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

வளைகுடாவிலிருந்து திரும்பி இரண்டு வருடமாக அடுத்தவர் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர் என் கணவர். அப்போதுதான் பழைய கம்பெனி மறுபடி கூப்பிட்டிருந்தது. விசா தயார். போலீஸ் நற்சான்றிதழ் மட்டும் பாக்கி. ஒரு கேஸ் வந்தால் அது கிடைக்காது. அவர் போகாவிட்டால் மகளின் நர்சிங் படிப்பு அந்த வருடத்தோடு நிற்கும்.

"நான் என் ஷீட்டத்தான் வித்தேன்" என்றார், அன்று ராத்திரி நான் கேட்டதும்.

"அரைக்கிலோ எப்படிங்க பத்துக் கிலோ ஆச்சு? மழையில நனைஞ்சு ஊதிச்சா?"

அவர் சிரிக்கவில்லை. "ஊரே நிக்குது. நான் மட்டும் விலகி நின்னா, பெண்டாட்டி எழுதிக் குடுக்கா, மாப்பிள காவல் நிக்கான்னு சொல்லுவானுவ." பர்ஸிலிருந்து பில்லை எடுத்து, நற்சான்றிதழ் விண்ணப்பத்தின் மேல் வைத்தார். "கொண்டு போ. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

கத்தியிருந்தால் எடுத்துக்கொண்டு போயிருப்பேன். கத்தாமல் இருந்ததுதான் எனக்கு ஆத்திரம்.

மறுநாள் நாகர்கோவிலில் கூட்டம். புகார் அனுப்ப அதுதான் கடைசி நாள். பில் என் பையில் இருந்தது. கை அதன் மேலேயே இருந்தது.

"பேர மறைச்சு ஒரு தாள் குடுத்தா எடுப்பாங்களா சார்?" என்று கேட்டேன்.

"மறைக்கிறது வேட்பாளருங்க வேலைல்லா? நாம மறைக்கலாமா?" என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள். வெட்கம் கெட்டு நானும் சிரித்தேன்.

அறிக்கையை நான்தான் தட்டினேன். 'குலசேகரம் பகுதியில் ரப்பர் கொள்முதல் என்ற பெயரில் பணம் கொடுக்கப்பட்டதாகப் பேச்சு உண்டு. ஆதாரம் கிடைக்கவில்லை.' தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார். "நல்லாத் தேடினீங்களா?"

"தேடினேன் சார்."

அன்று வீடு திரும்பியதும் அக்காவிடம், என் கணவர் பில்லைத் தொலைத்துவிட்டார் என்று சொன்னேன். அவள் நம்பினாள். புகார் அனுப்பும் நாள் முடிந்துபோனதை நான் சொல்லவில்லை. கணவர் வளைகுடாவுக்குப் போய் வேலையில் சேர்ந்துவிட்டார். மகளுக்குக் கட்டணம் கட்டியாயிற்று. பில் என் அலமாரியில் ரேஷன் கார்டு உறைக்குள் இருக்கிறது. நான் இன்னும் அந்த அமைப்பின் கூட்டங்களுக்குப் போகிறேன், மற்றவர்களின் கணக்கில் பொய் தேடுகிறேன்.

போன வாரம் குழாயடியில் அக்கா குடத்தை இறக்கி வைத்துவிட்டு என் பக்கம் குனிந்தாள். "ஏட்டி, என் பில்லு பத்திரமா இருக்கு. உன் மாப்பிளைக்க பில்லு கிடைச்சுதா?"

"இல்லக்கா. தேடுறேன்."

"பாவம், அவரு எங்க வச்சாரோ" என்றாள். "கிடைச்சா சொல்லு மக்கா. நான் வச்சிருக்கேன்."