வாளியில் மிதந்த ஐஸ்கட்டி

யுத்தத்தால் பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடும் பஸ், இன்று காரியாபட்டி தாண்டியதும் கொதித்து நின்றுவிட்டது. இன்ஜினுக்கு ஊற்றத் தண்ணீர் இல்லை. கண்ணுக்கெட்டியவரை காய்ந்த காடு. நெரிசலில் இறங்கவும் முடியவில்லை.

பக்கத்தில் ஒரு விவசாயி, மடியில் சாக்கு மூடிய வாளியோடு இருந்தார். அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் மனைவிக்குக் கடுங்காய்ச்சல். தலையில் வைக்க மதுரையில் ஐஸ் வாங்கி வருகிறார்.

சாக்கை விலக்கியவர் பதறிவிட்டார். பாதி உருகியிருந்தது.

நான் டீச்சர் என்று அவருக்குத் தெரியும். "டீச்சரம்மா, கல்லு கணக்கா இருக்கு, எப்படி மெதக்குது? சத்தெல்லாம் தண்ணியில எறங்கிருச்சா?"

"இல்லைய்யா. தண்ணி உறைஞ்சா விரியும். அதனால அதே அளவு தண்ணியை விடக் கனம் கம்மி, மிதக்குது. தண்ணியிலேயே கிடந்தா இன்னும் சீக்கிரம் கரைஞ்சிரும். உருகின தண்ணியை வடிச்சு டிரைவருக்குக் குடுங்க."

அவர் நம்பவில்லை. ஆனாலும் வடித்துக் கொடுத்தார். பஸ் கிளம்பியது. அருப்புக்கோட்டையில் தேங்காய் அளவு ஐஸோடு இறங்கி ஓடினார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் முகத்தில் சிரிப்பு.

"காய்ச்சல் எறங்கிருச்சு. அது சரி, மத்ததெல்லாம் குளிர்ந்தா சுருங்குது, தண்ணி மட்டும் ஏம்மா விரியுது?"

எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்; நாளைக்கு வந்து சொல்வதாக வாக்குக் கொடுத்துவிட்டேன்.