கல்லுக்குள் தட்டான்

அந்த வருஷம் ஐப்பசியும் ஏமாற்றிவிட்டது. சித்தையன்கோட்டைப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் குருத்துகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்துகொண்டிருந்தன. அண்ணன் வைத்து வளர்த்த மரங்கள். பிள்ளையில்லாத அவருக்கும் மதினிக்கும் அவைதான் எல்லாம். கிணற்றில் தண்ணீர் கண்டால் மரம் பிழைக்கும். அதனால் ஆளோடு ஆளாகப் பாறைக்கு வெடி வைத்து இறங்கிக்கொண்டே இருந்தார்.

நான் திண்டுக்கல்லில் விஞ்ஞான வாத்தியார். சனிக்கிழமை பஸ் பிடித்து ஊருக்கு வருவேன். சும்மா இருக்க மாட்டாமல் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் படித்ததை எடுத்துவிட்டேன். மனுஷனே பிறக்காத காலத்தில், விரித்தால் இறக்கை ஒன்றரை முழம் வருகிற தட்டான்கள் பறந்தன, பிரான்ஸில் நிலக்கரிச் சுரங்கத்துக் கல்லைப் பிளந்தபோது அதன் அச்சு அப்படியே பதிந்திருந்தது என்றேன்.

"ஆத்தாடி, அது வெளக்கமாத்துக்கு அடங்குமா?" என்று மதினி சிரித்தாள். அண்ணன் சிரிக்கவில்லை. சோற்றில் கை நின்றுவிட்டது.

எங்கள் ஊரில் மேகத்தைவிடத் தட்டானைத்தான் நம்புவார்கள். அது தரையோடு பறந்தால் வைக்கோலை மூட ஓடுவார்கள்.

"அம்மாந்தண்டித் தட்டான் பறந்துச்சுன்னா எம்புட்டு மழ பேஞ்சிருக்கும்!" என்றார் அண்ணன். "அந்தத் தண்ணியெல்லாம் எங்கிட்டுப் போயிருக்கும்? கீழதான இருக்கணும்?"

அடுத்த வாரம் கிணற்று மேட்டில் எனக்காகக் கற்களை ஒதுக்கி வைத்திருந்தார். "ஏலே, நீ படிச்சவன். தட்டான் இருக்கான்னு பாரு. இருந்துச்சுன்னா தண்ணி பக்கத்துலதான்."

நான் எரிந்து விழுந்தேன். "அண்ணே, இது நெருப்புல வெந்த பாறை. இதுக்குள்ள ஈ எறும்புகூட இருக்காது."

"நல்லாப் பாருப்பா" என்று அடுத்த கல்லைத் திருப்பிக் காட்டினார். வாரா வாரம் இதே கதைதான்.

கார்த்திகைக் கடைசியில் நிஜத் தட்டான்கள் வந்தன, கூட்டம் கூட்டமாக, முழங்கால் உயரத்தில். மதினி வைக்கோலை மூட ஓடினாள். அண்ணன் கிணற்றை விட்டு ஏறி வந்து நின்றார். படித்த மடையன் நானும் வானத்தைப் பார்த்தேன். அன்றும் பெய்யவில்லை, மறுநாளும் பெய்யவில்லை.

எங்கிருந்தோ சுமந்து வந்த குடத்தை மதினி இறக்கி வைத்தபோது ஒரு தட்டான் அதில் வாலைத் தொட்டுத் தொட்டு எடுத்தது. அவள் கையை ஓங்கினாள்.

"விடுடி, முட்ட போடுது. அதுக்கும் வேற தண்ணி இல்ல" என்றார் அண்ணன்.

திங்கள் காலை நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அவர் கடப்பாரையை எடுக்கவில்லை, கோடாலியை எடுத்தார். "கடைசியா வெட்டுன கல்லு மேட்டுல கெடக்கு. அதையும் பாத்துட்டு வந்து சொல்லு" என்று தோப்புக்கு நடந்தார்.

பையைப் போட்டுவிட்டு ஓடினேன். கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எச்சில் தொட்டுத் துடைத்துப் பார்த்தேன். படித்ததையெல்லாம் மறந்து, ஒரே ஒரு இறக்கைக் கோடாவது இருந்துவிடாதா என்று தேடினேன். நான் கல்லைவிட்டு நிமிர்வதற்குள் தோப்பில் முதல் வெட்டு விழுந்தது.