மூட்டைக்குப் போட்ட மாத்திரை

என் அக்காவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். நாளெல்லாம் நின்றபடி ஊரார் சட்டைக்கு இஸ்திரி போடுகிறவளுக்குக் கோபம் வராமல் கொஞ்சலா வரும்? அவள் வாயில் விழாத ஒரே ஜீவன், மூட்டை என்கிற அவளுடைய நாய்தான்.

அன்று காலை மூட்டைக்கு வாந்தி, பேதி. டாக்டர் ஊசி போட்டு, "வயிறு காயட்டும். ராத்திரி வரைக்கும் தண்ணி மட்டும் கொஞ்சம் கொஞ்சமா வைங்க" என்றார். அக்கா வீட்டுக்கு வந்ததும் மாமாவையும் மகளையும் நிற்க வைத்தாள்.

"யாராவது இதுக்கு ஏதாவது குடுத்தீங்கன்னு தெரிஞ்சுது, தொலைச்சுடுவேன்!"

கத்திவிட்டு இஸ்திரிக் கடைக்குப் போனாள். சாயங்காலம் மூட்டை ரத்தமாக வாந்தி எடுத்தது. எல்லோரும் அடித்துப் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினோம்.

"ஏதாவது குடுத்தீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒரே ஒரு பிஸ்கட்" என்று மகள் விசும்பினாள். அக்கா கையை ஓங்க, நான் தடுத்தேன்.

"பிஸ்கட்டுக்கு இப்படி ஆகாதே. வேற?"

"நான் ஒண்ணும் குடுக்கல" என்றார் மாமா. நாக்குக் கூசவில்லை அந்த மனுஷனுக்கு.

டாக்டர் டிரிப் ஏற்றினார். மூட்டையால் தலையைக்கூடத் தூக்க முடியவில்லை. பார்க்கப் பார்க்க அது துவண்டுகொண்டே போனது. அப்போதுதான் மாமா வாயைத் திறந்தார்.

"என் முட்டிவலி மாத்திரையில ரெண்டு போட்டேன். பாவம், வலியில முனகிட்டே இருந்துச்சு."

"மனுஷங்க மாத்திரையையா? அது நாய்க்கு ஆகவே ஆகாதுங்க! வந்ததுமே சொல்லியிருந்தா..." டாக்டர் முடிக்காமல் மருந்து எடுக்க ஓடினார்.

மூட்டை பிழைக்கவில்லை.

அதைத் துணியில் சுற்றிக் கையில் வாங்கிக்கொண்டு அக்கா வெளியே வந்தாள். மாமா வாசலில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செய்வதையும் செய்துவிட்டு இப்போது என்ன அழுகை?

"குடுத்தது தெரியாத்தனம். அதைக்கூட விடுங்க" என்றாள் அக்கா. "டாக்டர் கேட்டப்போ ஏங்க மறைச்சீங்க?"

"நீ கத்துவேன்னு பயந்துட்டேன்டி."

அக்கா தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள்.

"ஆமா, கத்தியிருப்பேன்! நான் கத்தினா நீங்க செத்தா போயிருப்பீங்க? இது செத்துப் போச்சே!"