போர்கோ வெக்கியோவில் யப்பானிய மொழி படித்த யசிந்தா

யப்பானிலிருந்து அழைப்பு வந்தபோது நான் வேலை செய்யும் வீட்டுக்கார அம்மா சிஞ்ஞோராவுக்கு மதியச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தேன். பேசியவர் யசிந்தாவோடு ஒரே மடத்தில் இருந்த ஓர் இளம் சிஸ்டர். அவருக்கு இத்தாலிய மொழி அரைகுறையாகத்தான் வந்தது. "சிஸ்டர் யசிந்தா... இன்று காலை... அமைதியாக..." என்று துண்டு துண்டாகச் சொன்னார். அவருடைய வருத்தம் முற்றி டொக்டர்மாரும் கைவிட்டுவிட்டார்கள் என்பது எனக்கு முன்பே தெரியும். இருந்தும் அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றவில்லை. சிஞ்ஞோராதான் மெல்ல எழுந்து வந்து என் கையிலிருந்த கரண்டியை வாங்கி வைத்தார்.

பலேர்மோத் தமிழர்களான உங்களில் பலருக்கு யசிந்தாவைப் பிற்காலத்தில்தான் தெரியும். விடுமுறைக்கு வருவார், பூசை முடிந்ததும் எல்லாப் பிள்ளைகளையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், இடையில் ஃபோன் வந்தால் யப்பானிய மொழியில் கடகடவென்று கதைப்பார். "சிஸ்டருக்கு மொழிகள் தண்ணிபட்ட பாடு" என்று நீங்கள் வியந்து சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்த மொழியால் அவர் அழுத நாட்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. இங்கே போர்கோ வெக்கியோ சந்தைக்குப் பின்னால் இருந்த ஒரு கன்னியர் மடத்தில் நான் சமையல் வேலை செய்தேன். நான் யாழ்ப்பாணத்துச் சைவக்காரி. மடத்து வேலை எப்படி இருக்குமோ என்ற பயத்தோடுதான் சேர்ந்தேன். மறைப்பணிக்காக யப்பானுக்குப் போகவிருந்த பெண்களுக்கு அங்கே பயிற்சி கொடுத்தார்கள். அப்படி வந்த இருவரில் ஒருத்தி பகேரியாவைச் சேர்ந்த சிசிலியப் பெண். மற்றவள் மன்னாரில் பிறந்து, பெற்றோரோடு இங்கே வந்த யசிந்தா. இருபது வயதைக் கொஞ்சம் தாண்டியிருப்பாள். முதல் நாள் குசினிக்குள் எட்டிப் பார்த்து, "அக்கா, நீங்கள் தமிழோ?" என்றாள். "ஓம்" என்றதும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

காலையில் செபம், பிறகு வேதபாடம், மத்தியானத்துக்கு முன் யப்பானிய மொழி. படிப்பித்தவர் சிஸ்டர் மிச்சிகோ. யப்பானியர்; முப்பது வயதைத் தாண்டியவர், அதிகம் சிரிக்காதவர். பாடமெல்லாம் இத்தாலிய விளக்கத்தோடுதான் நடந்தது. யசிந்தா தமிழில் நினைத்து, அதை இத்தாலிய மொழியில் புரட்டி, அதிலிருந்து யப்பானியத்துக்குப் போவாள். போய்ச் சேரும்போது வசனம் தலைகீழாக நிற்கும். பகேரியாப் பெண் பாட்டுப் போல ஒப்புவித்துவிட்டுப் போவாள். இவள் குசினிக்கு வந்து கத்தரிக்காய் நறுக்கியபடி மூக்கை உறிஞ்சுவாள். கடைசியில் மடத்துத் தலைவி அவளைக் கூப்பிட்டு, "உனக்கு வேறு நாடு பொருந்தலாம், யோசித்துப் பார்" என்று தன்மையாகச் சொன்னார். தன்மையாகச் சொன்னதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

அதற்கு அடுத்த நாளோ என்னவோ, பாத்திரம் துடைத்தபடி அவள் ஏதோ முணுமுணுத்தாள். "வதாஷி வா பான் ஓ தபெமாஸ்."

"என்ன பாண் எண்டு கேக்குது?" என்றேன். பேக்கரி ரொட்டிக்கு எங்களூரில் பாண் என்றுதான் பேர்.

"பாண்தான் அக்கா. அவையளும் பாணைப் 'பான்' எண்டுதான் சொல்லுறவை."

"மற்றதெல்லாம் என்ன?"

அவள் விரல் மடக்கிச் சொன்னாள். "வதாஷி எண்டா நான். பான் ஓ எண்டா பாணை. தபெமாஸ் எண்டா சாப்பிடுறன்." சொல்லி முடித்தவள் அப்படியே நின்றாள். "நான், பாணை, சாப்பிடுறன். அக்கா! இது எங்கட ஒழுங்கெல்லோ!"

அன்று மதியச் சாப்பாடு பிந்திவிட்டது. அவள் ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொல்லச் சொன்னாள். நான் சொல்லச் சொல்ல, சொற்களை மட்டும் மாற்றி வைத்தாள். வினைச்சொல் கடைசியில் வந்தது. வேற்றுமை உருபு எங்கள் தமிழில் போலவே பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டது. நாங்கள் "வாறியோ" என்று கேட்கும் ஓகாரம் அவர்களிடம் 'கா' ஆக வசனத்தின் வாலில் நின்றது. "இவ்வளவு நாளும் ரோமாபுரியைச் சுத்திக்கொண்டு யப்பானுக்குப் போயிருக்கிறன்" என்று சொல்லிச் சிரித்தாள். அந்த மடத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பிறகு பாடம் ஓடத் தொடங்கியது. ஒரு நாள் அவள் வகுப்பில் கேட்ட ஒரு கேள்வியை என்னிடம் வந்து சொன்னாள். யப்பானிய மொழியில் 'இருக்கிறது' என்பதற்கு இரண்டு சொற்களாம். மேசை, புத்தகம் போன்றவற்றுக்கு 'அரிமாஸ்'. உயிருள்ளவைக்கு 'இமாஸ்'. அவளுடைய அண்ணன் சண்டைக் காலத்தில் மன்னார்க் கடலுக்கு மீன்பிடித் தொழிலுக்குப் போய்த் திரும்பவில்லை. "என்ர அண்ணாவுக்கு எந்தச் சொல்லைச் சொல்ல?" என்று கேட்டிருக்கிறாள். சிஸ்டர் மிச்சிகோ கையிலிருந்த புத்தகத்தை மூடி வைத்தாராம். பிறகு, "எங்கள் வீட்டில் அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்று நாங்கள் 'இமாஸ்' என்றுதான் சொல்லுவோம்" என்றாராம். அதைச் சொன்னபோது யசிந்தாவின் முகம் தெளிந்திருந்தது.

மொழி வழிவிட்டது, தாய் வழிவிடவில்லை. வீட்டாரின் சம்மதமில்லாமல் யாரையும் அனுப்ப மாட்டோம் என்பது மடத்தின் ஏற்பாடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவளுடைய அம்மா வந்தார். வரவேற்பறைக்குப் போகாமல் நேரே குசினிக்கு வந்து என் முன்னால் நின்றார். "பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக வந்தனான். ஒருத்தனைக் கடல் கொண்டுபோட்டுது. இவளையும் கடலுக்கு அங்கால விடச் சொல்லுறியளோ? யப்பானில எங்களுக்கு ஆர் இருக்கினம்?"

யசிந்தா வாசலில் நின்றாள். சத்தம் கேட்டு சிஸ்டர் மிச்சிகோ வந்தார். நிலைமை புரிந்ததோ என்னவோ, அந்த அம்மாவைப் பார்த்து இடுப்பு வளைய ஆழமாகக் குனிந்து வணங்கினார். அப்படியொரு வணக்கத்தை அம்மா எதிர்பார்க்கவில்லை. கோபத்தோடு வந்தவர் தடுமாறிப்போனார். சிஸ்டரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மகளிடம், "இந்தப் பிள்ளைக்குத் தாய் இருக்கிறாவோ? கேள்" என்றார்.

யசிந்தா இத்தாலிய மொழியைத் தேடவில்லை. நேரே திரும்பி, "ஒகாசான் வா இமாஸ் கா?" என்றாள்.

சிஸ்டர் மிச்சிகோவின் கண்கள் நிரம்பிவிட்டன. தாய் இருக்கிறார், யப்பானில் கியூஷூத் தீவில் ஒரு சின்ன ஊரில் தனியாக இருக்கிறார், பார்த்துப் பல வருடமாகிறது என்று சொன்னார். இந்த ஊருக்கு வந்த பிறகு தன் தாயைப் பற்றித் தன் மொழியில் யாரும் தன்னிடம் விசாரித்ததில்லை என்றும் சொன்னார். அவர் சொல்வதை யசிந்தா தட்டித் தடுமாறித் தமிழில் சொன்னாள். விளங்காத இடத்தில் மறுபடி கேட்டுச் சொன்னாள். அம்மா சிஸ்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நான் தேத்தண்ணி வைத்தேன். மூவரும் குசினி மேசையிலேயே இருந்து கதைத்தார்கள். தன் மகள் இன்னொரு மனுசியின் மனதை இங்கிருந்து அங்கே கொண்டுபோய்க் கொடுப்பதை அந்தத் தாய் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழும்பும்போது சொன்னார்: "இவவின்ர தாயும் இப்பிடித்தானே விட்டிருப்பா. போயிட்டு வா பிள்ளை. ஆனா ஞாயிறுக்கு ஞாயிறு எனக்கு ஃபோன் எடுக்கோணும்." அம்மா கண்மூடும்வரை யசிந்தா அந்த அழைப்பை ஒருமுறையும் தவறவிடவில்லை என்பதை அவருடைய உறவினர்கள் அறிவார்கள்.

பெரிய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் ரோமுக்குப் போகும் ரயிலில் அவளை ஏற்றிவிட்டோம். அங்கேயிருந்து விமானம். நான் அப்போது கடைக்குப் போனாலும் விரலால் சுட்டிக் காட்டி வாங்குகிறவள். இத்தாலிய மொழி கதைக்க வெட்கம், பிழை விட்டுவிடுவேனோ என்ற பயம். அதை அவள் கவனித்திருந்தாள். ரயில் ஜன்னலில் தலையை நீட்டிச் சொன்னாள்: "அக்கா, பிழையா எண்டாலும் கதையுங்கோ. திருத்திறதுக்கு எண்டாவது ஆக்கள் கிட்ட வருவினம்."

அதற்குப் பிறகு வளர்ந்தவர்களுக்கான மாலைப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். முதலில் சந்தையில் வாய் திறந்தேன், பிறகு பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி எடுக்கப் போகிறவர்களோடு குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்தில், பிறகு ஆஸ்பத்திரிகளில். யசிந்தா யப்பானில் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு மொழிபெயர்த்த அதே வருடங்களில், அவளுக்குச் சொல்லாமலே நானும் இங்கே அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

யசிந்தாவின் சாவுச் செய்தி வந்த மறுநாள் காலை, புதிதாக வந்த ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளை முதல் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்தாள். மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள், போனேன். அழுது வீங்கிய முகத்தோடு நின்று, ஒரு மருத்துவச் சொல்லைப் பிழையாகச் சொல்லிவிட்டேன். டொக்டர் சிரித்துத் திருத்தினார். திருத்திவிட்டுத் தன் கதிரையை எங்கள் இருவரின் பக்கமாக இழுத்துப் போட்டார். யசிந்தாவிடமிருந்து நான் வைத்திருப்பது இந்தத் துணிச்சல்தான். கூச்சத்தை ஒருபக்கம் வைத்துவிட்டு அடுத்த வசனத்தைத் தொடங்கினேன். மத்தியானத்துக்குள் பிள்ளை பிறந்தது. பெண் குழந்தை.